முதலில் எழுதுபவர்: பயண மாடல்களும் தரகரில்லாச் சந்தையும்

1. கேள்வி

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் ஐரோப்பாவின் பல நாடுகளிலும் எந்த ஏஜென்சியிலும் சேராத மாடல்கள் ஊர் ஊராகப் போய் வேலை செய்கிறார்கள். அடுத்து எந்த ஊருக்குப் போவது, அங்கே யார் நல்ல படம் எடுக்கிறார், யார் பணம் தருவார் என்று அவர்களே தேடுகிறார்கள். புகைப்படக் கலைஞர்களுக்கு அவர்களே எழுதி, நாளும் நேரமும் தொகையும் பேசி முடித்த பிறகு வண்டி ஏறுகிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். ஃபேஷன் மேடையிலும் விளம்பரப் பலகையிலும் இவர்களைக் காண்பது அரிது. உருவப்படம், கலைசார் நிர்வாணம், பழைய பாணி அலங்காரப் படங்கள், பயிற்சிப் பட்டறைகள் ஆகியவையே இவர்களுடைய வேலைக்களம்.

இந்தத் தொழில்முறையைப் பற்றி இரு கருத்துகள் புழங்குகின்றன. தரகர் ஒழிந்தார், உழைப்பவர் தன் உழைப்பைத் தானே விற்கிறார், ஆகவே இது விடுதலை என்பது ஒன்று. பாதுகாப்பே இல்லாத உதிரி வேலைக்குச் சுதந்திரம் என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. மாடலும் புகைப்படக் கலைஞரும் நேரடியாகப் பேசிக்கொள்ளும்போது முதலில் எழுதியவர் யார் என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது, பாதுகாப்பும் மாறுகிறது. அவை இரண்டும் எதிரெதிர்த் திசையில் மாறுகின்றன. இக்கட்டுரை அந்த முரணை ஆராய்கிறது.

2. இதுவரையிலான புரிதல்

மாடலிங்கை உழைப்பாகப் பார்க்கும் சமூகவியல் ஆய்வுகள் கடந்த இருபது ஆண்டுகளில் வலுப்பெற்றுள்ளன. நியூயார்க்கிலும் லண்டனிலும் தானே மாடலாக வேலை செய்து ஆய்வு நடத்திய ஆஷ்லி மியர்ஸ், ‘பிரைசிங் பியூட்டி’ (2011) என்ற நூலில் இத்தொழிலின் விலை எப்படி உருவாகிறது என்று காட்டினார். பேர்பெற்ற இதழ்களுக்கான படப்பிடிப்பில் பணம் குறைவு, மதிப்பு அதிகம். துணிக்கடை விலைப்பட்டியலுக்கான படப்பிடிப்பில் பணம் உண்டு, மதிப்பு இல்லை. ஏஜென்சி செலவுக் கணக்கு எழுதியே பல மாடல்களைக் கடனில் வைத்திருப்பதையும் அவர் பதிவு செய்தார். ஜோவன் என்ட்விசிலும் எலிசபெத் விசிங்கரும் உடலையும் தோற்றத்தையும் ஓயாமல் பேணும் வேலையை அழகியல் உழைப்பு என்று வகைப்படுத்தினர். வாழ்க்கை முழுவதையுமே காட்சிப்பொருளாக வைத்திருக்க வேண்டிய நிலையை விசிங்கர் தம் ‘திஸ் இயர்ஸ் மாடல்’ (2015) நூலில் விரித்துரைத்தார்.

இந்த ஆய்வுகளின் மையம் ஃபேஷன் தொழில். அங்கே பணம் தருபவர் மூன்றாவது ஆள்: துணி நிறுவனம், இதழ், விளம்பர நிறுவனம். புகைப்படக் கலைஞரும் மாடலும் இருவருமே அவரிடம் கூலி வாங்குபவர்கள். பயண மாடலின் உலகில் அந்த மூன்றாவது ஆள் இல்லை. படம் எடுப்பவரே தன் சட்டைப்பையிலிருந்து பணம் தருகிறார். ஆகவே ஃபேஷன் தொழிலுக்காகச் செதுக்கிய கருத்தாக்கங்களை அப்படியே இங்கே பொருத்தினால் படம் மங்கலாகிவிடுகிறது.

சமூகத்தின் பொதுப்புத்தியில் மூன்றாவதாக ஒரு பார்வையும் இருக்கிறது: பணம் வாங்கிக்கொண்டு முன்பின் தெரியாத ஒருவர் முன்னால் உடை களைவது வேறொரு தொழிலின் மறுபெயர்தான் என்ற சந்தேகம். பணமும் நெருக்கமும் ஒன்றையொன்று கெடுக்கும் பகை உலகங்கள் என்ற நம்பிக்கையை விவியானா செலிசர் ‘தி பர்ச்சேஸ் ஆஃப் இன்டிமசி’ (2005) நூலில் கேள்விக்குள்ளாக்கினார். மனிதர்கள் ஒவ்வோர் உறவுக்கும் ஏற்ற பணவகையையும் எல்லைக்கோட்டையும் வகுத்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். பயண மாடல்களின் கடிதங்களில் எந்த வகைப் படத்துக்கு என்ன கட்டணம், எதற்கு மேல் இல்லை என்று வரும் நுணுக்கமான பகுப்பு இந்த வாதத்துக்கு நல்ல சான்று. சந்தேகப் பார்வை அந்தப் பகுப்பையே பார்க்க மறுக்கிறது.

3. முன்வரலாறு: படிக்கட்டும் கேமரா சங்கமும்

மாடல் நேரடியாகக் கலைஞரைத் தேடிப் போவது இணையம் கொண்டுவந்த புதுமை அன்று. ரோம் நகரின் ஸ்பானியப் படிக்கட்டுகளில் ஓவியர்களுக்காக மாடல்கள் காத்திருந்ததைச் சார்லஸ் டிக்கன்ஸ் ‘பிக்சர்ஸ் ஃப்ரம் இத்தாலி’ (1846) நூலில் விவரித்திருக்கிறார். வெண்தாடிக் கிழவர், நீல அங்கிக்காரர், கொலைகாரன் தோரணையில் நிற்பவர் என்று ஒவ்வொருவரும் ஒரு வகைமாதிரியாகவே அங்கே நின்றார்கள். லண்டன் ஓவியக் கண்காட்சிகளில் பார்த்துப் பழகிய முகங்கள் அவை என்பது டிக்கன்ஸின் நகைச்சுவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென் இத்தாலியக் கிராமங்களிலிருந்து பாரிஸுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்கள் பிகால் சதுக்கத்து நீரூற்றைச் சுற்றிக் கூடி ஓவியர்களிடம் வேலை கேட்டன. சந்தை திறந்தவெளியில் இருந்தது. பேரம் எல்லோர் கண்முன்னும் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்கக் கேமரா சங்கங்கள் இன்னொரு வடிவத்தைத் தந்தன. பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற பெட்டி பேஜ் 1950ஆம் ஆண்டு வாக்கில் நியூயார்க்கில் வேலை தொடங்கியது இத்தகைய சங்கங்களில்தான். சங்க உறுப்பினர்களான பொழுதுபோக்குப் புகைப்படக்காரர்கள் ஆளுக்கு ஒரு தொகை போட்டு மாடலுக்குக் கூலி கொடுத்தார்கள். அவர்களில் சிலர் கேமராவில் பிலிம் போடாமலேயே வந்ததாகவும் பேச்சு உண்டு. ஜமைக்காவில் பிறந்த இசைக்கலைஞர் காஸ் கார் நடத்திய சங்கம் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து படமெடுத்த இடம். 1952இல் நியூயார்க் மாநிலத்தின் நகர்ப்புறத்துக்கு வெளியே அந்தச் சங்கம் நடத்திய ஒரு படப்பிடிப்பின்போது பேஜ் கைதாகவும் நேர்ந்தது. ஆண்டுதோறும் மயாமிக்குப் போகும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1954இல் அப்படிப் போனபோது அங்கே பணிபுரிந்த புகைப்படக் கலைஞர் பன்னி யேகரைச் சந்தித்தார்; யேகர் எடுத்த படம் 1955 ஜனவரி ‘பிளேபாய்’ இதழில் வெளிவந்தது. ஊர்மாறிப் போன இடத்தில் நேரடித் தொடர்பால் கிடைத்த வேலை என்பதால் பயண மாடல்களுக்கு இதை முன்னோடி நிகழ்ச்சியாகக் கொள்ளலாம்.

இந்த மூன்று நிகழ்வுகளிலும் ஒரு பொதுக்கூறு உண்டு. படிக்கட்டில் மற்ற மாடல்கள் பக்கத்தில் நின்றார்கள். நீரூற்றில் குடும்பமே நின்றது. சங்கத்தில் இருபது பேர் சேர்ந்து படமெடுத்தார்கள். மாடல் தனியாள் அல்லர். நேரடித் தொடர்பு இருந்தது, தனிமை இல்லை. இன்றைய பயண மாடலுக்குத் தொடர்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

4. ஏஜென்சி என்னென்ன செய்தது?

ஜான் ராபர்ட் பவர்ஸ் 1923இல் நியூயார்க்கில் தொடங்கிய நிறுவனம் மாடல் ஏஜென்சிகளின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. 1946இல் ஐலீன் ஃபோர்டும் அவர் கணவர் ஜெர்ரியும் தொடங்கிய ஏஜென்சி ஒரு முக்கியமான மாற்றத்தைக் கொண்டுவந்தது: விளம்பர நிறுவனம் எப்போது பணம் தரும் என்று மாடல் காத்திருக்க வேண்டியதில்லை, வேலை முடிந்ததற்கான சீட்டைக் கொடுத்தால் ஏஜென்சியே முன்கூட்டிக் கூலியைத் தந்துவிட்டுப் பிறகு வாடிக்கையாளரிடம் வசூலித்துக்கொண்டது. கடன் கொடுப்பதும் வசூலிப்பதும் தரகின் பகுதியாயின.

ஏஜென்சியின் கமிஷனைப் பற்றி மட்டுமே பேசுவது வழக்கம். மாடலிடம் 20 விழுக்காடும் வாடிக்கையாளரிடம் 20 விழுக்காடும் வாங்குவது நியூயார்க்கில் நிலைபெற்ற நடைமுறை. கொழுத்த தரகுதான், ஐயமில்லை. ஆனால் அந்தத் தொகைக்குள் ஐந்து வேலைகள் அடங்கியிருந்தன: வேலை தேடுவது, விலை பேசுவது, எதிராளி யார் என்று சரிபார்ப்பது, நாள்காட்டியை நிரப்புவது, பணத்தை வசூலிப்பது. ஏஜென்சிகள் இவற்றை எப்போதும் ஒழுங்காகச் செய்தன என்று சொல்ல முடியாது. மியர்ஸின் ஆய்வே அதற்கு மறுசாட்சி. ஆயினும் இவை செய்யப்பட வேண்டிய வேலைகள் என்பதை ஏஜென்சிமுறை ஒப்புக்கொண்டது; அவற்றுக்கு ஒரு விலையும் வைத்தது.

தரகர் போய்விட்டார், தரகு வேலை போகவில்லை. ஐந்து வேலைகளும் இப்போது மாடலின் தலையில் விழுந்திருக்கின்றன. அவற்றுக்குக் கூலி இல்லை.

5. பணம் தருபவர் மாறிய கதை

பயண மாடல்களின் இன்றைய சந்தை உருவாக இரண்டு காரணங்கள். முதலாவது கேமராவின் விலைச்சரிவு. 1999இல் நிக்கான் நிறுவனம் வெளியிட்ட டி1 கேமராவின் விலை 5,000 டாலருக்கு மேல். 2003இல் கேனன் வெளியிட்ட இஓஎஸ் 300டி, லென்ஸ் இல்லாமல் 899 டாலர். பிலிம், கழுவுதல், அச்சு என்ற தொடர்செலவும் ஒழிந்தது. பொறியாளர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று வேறு வருமானம் உள்ள ஆயிரக்கணக்கானோர் தரமான கருவியோடு படமெடுக்க வந்தார்கள். கருவி கிடைத்துவிட்டது, முன்னால் நிற்க ஆள் வேண்டியிருந்தது.

இரண்டாவது காரணம், இருதரப்பும் தங்கள் படங்களை ஊர்வாரியாக அடுக்கிவைத்துத் தேடிக்கொள்ள உதவிய தளங்கள். 2000களின் நடுப்பகுதியில் தோன்றிய மாடல் மேஹெம் அவற்றில் புகழ்பெற்றது. 2008இல் அதை இன்டர்நெட் பிராண்ட்ஸ் நிறுவனம் வாங்கியது.

இந்தச் சந்தையின் பொருளாதாரம் தலைகீழானது. ஃபேஷன் தொழிலில் படம் ஒரு சரக்கை விற்க உதவும் கருவி. அதனால் வருமானம் வரும். அந்த வருமானத்தின் பங்கே மாடலின் கூலி. பொழுதுபோக்குப் புகைப்படக்காரருக்குப் படத்தால் வருமானம் இல்லை. அவர் மாடலுக்குத் தருவது முதலீடாகாது, அது செலவு. மீன்பிடிக்கப் போகிறவர் தூண்டிலுக்கும் படகுக்கும் செய்யும் செலவைப் போன்றது. எனவே அவருடைய உச்சவரம்பைச் சந்தை தீர்மானிப்பதில்லை. வீட்டுச் செலவுக் கணக்குத் தீர்மானிக்கிறது. பொருளாதார நெருக்கடி வந்தால் முதலில் வெட்டப்படும் செலவும் இதுவே. தொழில்முறைக் கலைஞர்களோ, வாடிக்கையாளர் இல்லாத படப்பிடிப்புக்குப் பணம் தரத் தயங்குவார்கள்; படங்களையே கூலியாகத் தரும் பண்டமாற்றை முன்வைப்பார்கள். திறமை மிகுந்தவர் பணம் தரமாட்டார், பணம் தருபவர் எல்லோரும் திறமைசாலிகள் அல்லர் என்ற சிக்கல் இங்கிருந்து பிறக்கிறது. நல்ல படங்கள் இல்லாமல் மாடலுக்கு அடுத்த வேலை கிடைக்காது. பணம் இல்லாமல் அடுத்த ஊருக்குப் போக முடியாது. ஒவ்வொரு பயணத்தையும் இவ்விரண்டையும் கலந்தே திட்டமிட வேண்டியிருக்கிறது.

6. ஒரு கடிதம், அருகிலிருந்து

பயண மாடல்கள் எழுதும் முதல் கடிதங்களுக்கு ஏறக்குறைய நிலைத்த வடிவம் ஒன்று உண்டு. அதன் கூறுகளைத் தொகுத்து நான் அமைத்த மாதிரி இது:

“வணக்கம். அக்டோபர் 9 முதல் 13 வரை உங்கள் ஊரில் இருப்பேன். கைவிடப்பட்ட ஆலையில் நீங்கள் எடுத்த வரிசையைப் பார்த்தேன். சன்னல் வெளிச்சத்தை மட்டும் வைத்துச் செய்திருப்பது பிடித்திருந்தது. என் கட்டணம் மணிக்கு 100 டாலர், குறைந்தது இரண்டு மணி நேரம். உருவப்படம், ஃபேஷன், கலைசார் நிர்வாணம் வரை செய்வேன். அதற்கு மேல் இல்லை. நாளை உறுதிசெய்யப் பாதி முன்பணம். என்னோடு வேலை செய்தவர்களின் பெயர்கள் வேண்டுமென்றால் தருகிறேன். நீங்களும் இரண்டு மாடல்களின் பெயர்களைத் தந்தால் உதவியாக இருக்கும்.”

ஒன்பது பத்து வாக்கியங்கள்தான். அவற்றுக்குள் ஏஜென்சியின் ஐந்து வேலைகளும் இருக்கின்றன. முதல் வரி நாள்காட்டி. ஆலைப் படங்களைப் பற்றிய வரி மரியாதைக்காகச் சேர்த்தது மட்டுமன்று. இது எல்லோருக்கும் அனுப்பிய சுற்றறிக்கை அன்று, உங்கள் படங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து எழுதுகிறேன் என்ற அறிவிப்பு. கட்டணமும் குறைந்தபட்ச நேரமும் விலைப்பேச்சு. குறைந்தபட்ச நேரம் வைக்காவிட்டால் ஒரு மணி நேர வேலைக்காக நகரின் மறுகோடிக்கு வண்டி ஓட்ட வேண்டியிருக்கும். “அதற்கு மேல் இல்லை” என்பது எல்லைக்கோடு. படப்பிடிப்பு அறையில் வாய்த்தகராறாகக் கூடிய விஷயத்தை எழுத்தில் முன்கூட்டியே முடித்துவைக்கிறது. முன்பணம் வசூல். கடைசி இரு வரிகள் சரிபார்ப்பு. அதிலும் தன் தரப்பை முதலில் சொல்லிவிட்டு எதிர்த்தரப்பைக் கேட்கும் நயம் கவனிக்கத்தக்கது.

இப்படி ஒரு கடிதத்துக்கு வரும் பதில்கள் சில வகைகளில் அடங்கிவிடும். பதிலே வராமை, “பணம் தருவதில்லை, பண்டமாற்றுக்குச் சம்மதமா?” என்பது, “அடுத்த முறை வாருங்கள்” என்பது, எல்லைக்கோட்டைத் தள்ளிப்பார்க்கும் கேள்வி, இவற்றுக்கிடையே ஒன்றிரண்டு சம்மதங்கள். எத்தனை கடிதத்துக்கு எத்தனை வேலை என்பது ஆளுக்கும் ஊருக்கும் தக்க மாறும். ஆனால் கிடைக்காத வேலைகளுக்காக எழுதிய கடிதங்களின் உழைப்பும் கிடைத்த வேலையின் மணிக்கூலியில்தான் அடங்க வேண்டும்.

7. விலை: யார் முதலில் கேட்டார்?

மேலே சொன்ன மாதிரிக் கட்டணத்தை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. மாடல் 300 மைல் தொலைவிலுள்ள ஊருக்குக் காரில் போய்வருகிறார். அமெரிக்க வருமான வரித்துறை 2024க்கு அறிவித்த வணிகப் பயணச் செலவு விகிதம் மைலுக்கு 67 சென்ட். 600 மைலுக்கு 402 டாலர். நான்கு இரவு தங்க, இரவுக்கு 90 டாலர் வீதம் 360. ஆக, செலவு 762 டாலர். இரண்டு மணி நேர வேலைகள் ஆறு உறுதியாகியிருக்கின்றன, வரவு 1,200. மிச்சம் 438 டாலர். உணவும் வரியும் இதில்தான்.

ஆறில் இரண்டு கடைசி நேரத்தில் ரத்தானால் வரவு 800. மிச்சம் 38 டாலர். வரவு மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது. மிச்சமோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பாதி முன்பணம் வாங்கியிருந்தால் ரத்தான இரண்டிலிருந்து 200 டாலர் கையில் நிற்கும். மிச்சம் 238 ஆகும். முன்பணத்தைப் பற்றி இருதரப்பும் ஏன் அவ்வளவு கடுமையாக வாதிடுகிறார்கள் என்பது இந்த எளிய கூட்டல் கழித்தலில் விளங்கிவிடுகிறது. புகைப்படக் கலைஞரின் தயக்கத்திலும் நியாயம் உண்டு. முன்பணம் வாங்கிக்கொண்டு வராமல்போன மாடல்களும் உண்டு. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் தெரிந்த தகவல் சமமாக இல்லாத சந்தையில் நல்ல சரக்கும் விலையிழக்கும் என்று ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். இங்கே அறியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது.

பயணம் மாடலின் பேரபலத்தை இரண்டு விதமாகப் பாதிக்கிறது. உள்ளூர்ப் புகைப்படக் கலைஞர்கள் உள்ளூர் முகங்களைப் பலமுறை படமெடுத்துவிட்டார்கள். புதிய முகம் நான்கு நாள் மட்டுமே கிடைக்கும் என்பது அவர்களை முடிவெடுக்கத் தூண்டும். இது பலம். ஆனால் அந்த நான்கு நாளும் விற்காமல் போனால் வீண். செலவு ஏற்கெனவே செய்தாகிவிட்டது. கடைசி வாரத்தில் நாள்காட்டி காலியாக இருந்தால், 200 டாலர் வேலையை 120 டாலருக்குக் கேட்பவரிடமும் மறுக்க முடிவதில்லை. இது பலவீனம்.

இவ்விரண்டில் எது வெல்லும் என்பதை முதல் கடிதம் தீர்மானிக்கிறது. பயண அறிவிப்பைப் பார்த்துப் புகைப்படக் கலைஞர் எழுதினால் தேவை அவருடையது. மாடல் தன் முழுக்கட்டணத்தைச் சொல்லலாம். மாடல் முதலில் எழுதினால் தேவை மாடலுடையதாகத் தோன்றும். “நானாகத் தேடிப்போகும் மாடலுக்குத்தான் பணம் தருவேன்” என்பது புகைப்படக் கலைஞர்களிடையே பரவலாக உள்ள நிலைப்பாடு. அதே உடல், அதே திறமை, அதே இரண்டு மணி நேரம். கேட்டவர் யார் என்பதைப் பொறுத்துக் கூலியாகவோ பண்டமாற்றாகவோ மாறுகிறது.

8. பாதுகாப்பு: எதிர்த்திசையில்

விலை விஷயத்தில் காத்திருப்பது நல்லது என்றால், பாதுகாப்பு விஷயத்தில் நிலைமை நேர்மாறு. இதற்கு மிகக் கொடிய சான்று நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. ‘ஜேன் டோ எண் 14 எதிர் இன்டர்நெட் பிராண்ட்ஸ்’ வழக்கில், மாடல் மேஹெம் தளத்தில் தன் விவரங்களைப் பதிந்திருந்த பெண்ணைப் போலிப் பெயரில் ஒருவன் தொடர்புகொண்டு, மாடலிங் தேர்வு என்று சொல்லித் தென் ஃப்ளோரிடாவுக்கு வரவழைத்தான். அங்கே அவருக்கு மயக்கமருந்து கொடுத்து இருவர் வல்லுறவு செய்து அதைப் படமாக்கினர். இதே முறையில் வேறு பெண்களும் ஏமாற்றப்பட்டிருந்தனர். குற்றவாளிகள் இருவருக்கும் ஆயுள் தண்டனைகள் விதிக்கப்பட்டன. ஆபத்து பற்றி நிறுவனத்துக்கு முன்பே தெரிந்திருந்தும் எச்சரிக்கவில்லை என்பது அப்பெண்ணின் வழக்கு. பிறர் பதியும் உள்ளடக்கத்துக்குத் தளங்கள் பொறுப்பல்ல என்னும் அமெரிக்கச் சட்டப்பிரிவு 230 இவ்வழக்கைத் தடுக்காது என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014இலும், திருத்திய தீர்ப்பின் மூலம் 2016இலும் கூறியது. எச்சரிக்கும் கடமை நிறுவனத்துக்கு இருந்ததா என்ற அடிப்படைக் கேள்வியை அத்தீர்ப்பு முடிவு செய்யவில்லை.

இந்த வழக்கு நேரடித் தொடர்பின் ஆபத்துக்குச் சான்றாகச் சொல்லப்படுகிறது. ஆனால் தொடர்பின் திசையைப் பாருங்கள். அங்கே பெண் யாரையும் தேடிப்போய் எழுதவில்லை, தேடிவந்தவன் மறுதரப்பு. முதலில் எழுதும் மாடல் தன் எதிராளியைத் தானே தேர்கிறார். பல ஆண்டுப் படங்களைப் பார்க்கிறார். அவற்றில் இருக்கும் மாடல்கள் யார் என்று கண்டறிந்து அவர்களிடம் விசாரிக்கிறார். ஒரே மாடல் இரண்டாம் முறையும் அவரோடு வேலை செய்திருக்கிறாரா என்று கவனிக்கிறார். வேட்டையாடுபவன் காத்திருக்கும் இரையைத் தேடுவான். தன்னை விசாரித்துவிட்டு வருபவரை அவனால் எளிதில் வளைக்க முடியாது. முழுக் காப்பு இதனால் கிடைக்காது என்றாலும் அபாயத்தைக் குறைக்கும் நடைமுறைகளில் இது முதன்மையானது.

மாடல்கள் தங்களுக்குள் பகிரும் தகவல்களைச் சங்க இலக்கியத்தின் ஆற்றுப்படை மரபோடு ஒப்பிடத் தோன்றும். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணரோ விறலியோ எதிரே வருபவருக்கு வழியும் வள்ளலும் காட்டுவது அம்மரபு. ஒப்புமை ஓரளவுதான் செல்லும். ஆற்றுப்படை நல்ல புரவலரை மட்டுமே சுட்டியது. மாடல்களின் வலைப்பின்னல் யாரிடம் போகக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கேதான் அதன் பலவீனமும் இருக்கிறது. கெட்டதைச் சொன்னால் அவதூறு வழக்கு வருமோ, வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் பலர் மௌனமாகிறார்கள். புதிதாக வருபவருக்கு அந்த வலைப்பின்னலில் யாரையும் தெரியாது. மிகவும் தேவைப்படுபவருக்கே தகவல் எட்டுவதில்லை.

செலவைக் குறைக்கச் சில மாடல்கள் புகைப்படக் கலைஞரின் வீட்டிலேயே தங்குகிறார்கள். தங்குமிடத்துக்கு ஈடாகச் சில மணி நேரப் படப்பிடிப்பு. நம்பகமான, பழகிய வீடுகள் பல மாடல்களுக்கு இரண்டாம் வீடு போல அமைந்திருக்கின்றன. ஆயினும் வேலை முடிந்ததும் கிளம்பிவிடும் உரிமை என்ற அடிப்படைக் காப்பை இந்த ஏற்பாடு பறித்துவிடுகிறது. கணக்கில் மிச்சமாகும் 360 டாலரின் மறுபக்கம் அது.

9. சட்டம் எங்கே நிற்கிறது?

நியூயார்க்கில் ஒரு மாவு நிறுவனம் அபிகெயில் ராபர்சன் என்ற இளம்பெண்ணின் படத்தை அவர் அனுமதியின்றி 25,000 விளம்பரத் தாள்களில் அச்சிட்டது. 1902இல் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குப் பரிகாரம் இல்லை என்றது. எழுந்த கண்டனத்தின் விளைவாக, எழுத்துப்பூர்வ ஒப்புதலின்றி ஒருவருடைய பெயரையோ படத்தையோ வணிகத்துக்குப் பயன்படுத்தத் தடைசெய்யும் சட்டம் 1903இல் வந்தது. இன்று படப்பிடிப்பு முடிந்ததும் மாடல் கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தின் மூதாதை அதுதான். பாதுகாப்பாகப் பிறந்த ஒப்புதல் இப்போது பெரும்பாலும் ஒரே பத்தியில் எல்லா உரிமையையும் எழுதிக்கொடுக்கும் தாளாகிவிட்டது: எல்லா ஊடகங்களிலும், உலகெங்கும், என்றென்றைக்கும். படத்தின் காப்புரிமை அமெரிக்கச் சட்டப்படி பொதுவாக எடுத்தவருக்கே. இரண்டு மணி நேரக் கூலிக்கும் முடிவில்லாக் காலப் பயன்பாட்டுக்கும் ஒரே தாள். பணம் கைக்கு வருவதற்கு முன்பா பின்பா கையெழுத்து என்பதில் அனுபவமுள்ள மாடல்கள் கறாராக இருப்பதற்குக் காரணம் இது.

அதே தாளோடு இன்னொரு சமனின்மையும் வருகிறது. வயதை உறுதிசெய்ய மாடலின் ஓட்டுநர் உரிமத்தைப் பல புகைப்படக் கலைஞர்கள் நகலெடுத்து வைத்துக்கொள்கிறார்கள். வெளிப்படையான பாலியல் காட்சிகளுக்கு அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் இத்தகைய ஆவணத்தைக் கட்டாயமாக்கியுள்ளது. அதற்கு உட்படாத படங்களுக்கும் எச்சரிக்கையாகச் செய்கிறார்கள். நியாயமான நடைமுறைதான். ஆனால் மாடலின் வீட்டு முகவரி புகைப்படக் கலைஞரிடம் போய்ச் சேர்கிறது. கலைஞருடைய அடையாள அட்டையைக் கேட்கும் வாய்ப்பு மாடலுக்கு அரிதாகவே கிடைக்கிறது.

புதிய சட்டங்கள் உதவுகின்றனவா? நியூயார்க் நகரில் 2017இல் நடைமுறைக்கு வந்து, 2024 ஆகஸ்டில் மாநிலம் முழுவதற்கும் விரிந்த தனித்தொழிலாளர் ஊதியப் பாதுகாப்புச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தையும், ஒப்பந்தத்தில் நாள் குறிக்காவிட்டால் வேலை முடிந்த 30 நாளுக்குள் ஊதியத்தையும் கட்டாயமாக்குகிறது. ஆனால் 800 டாலர் முதலே அது பொருந்தும். 200 டாலர் படப்பிடிப்பு அதற்குக் கீழே நிற்கிறது. சாரா ஜிஃப் 2012இல் தொடங்கிய மாடல் அலையன்ஸ் அமைப்பு நெடுங்காலம் போராடிப் பெற்ற ஃபேஷன் தொழிலாளர் சட்டம் 2024 டிசம்பரில் கையெழுத்தாகி 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. மேலாண்மை நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், கமிஷன் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, மாடலின் கணினி நகலை உருவாக்கத் தனி ஒப்புதல் வேண்டும் என்கிறது. பெரிய வெற்றிதான், எனினும் அதன் முதன்மைப் பிடி தரகர்மீது. தரகரே இல்லாத இடத்தில் அந்தப் பிடிக்கு வேலை குறைவு.

எல்லை கடந்தால் சட்டம் உதவாததோடு எதிராகவும் நிற்கும். அமெரிக்காவின் எச்-1பி விசாவில் ஃபேஷன் மாடல்களுக்கென ஒரு பிரிவு உண்டு. ஆனால் விண்ணப்பிக்க ஒரு நிறுவனம் வேண்டும். சுற்றுலா அனுமதியில் வருபவர் கூலி வேலை செய்யக் கூடாது. ஆறு பேரிடம் தனித்தனியாக இரண்டு மணி நேர வேலை பேசிக்கொண்டு வரும் மாடலுக்கென்று ஒரு விசா வகை இல்லை. 2018 ஏப்ரலில் வந்த பாலியல் கடத்தல் தடுப்புச் சட்டத்துக்குப் பிறகு தளங்கள் எச்சரிக்கையாகின. அதே ஆண்டு டிசம்பரில் டம்ளர் தளம் வயதுவந்தோருக்கான உள்ளடக்கத்தைத் தடைசெய்தது. தங்கள் படங்களைக் காட்டி வேலை கேட்கும் இடமே பல மாடல்களுக்குச் சுருங்கியது.

10. முடிவுகள்

முதலாவதாக, நேரடித் தொடர்பைத் தரகு ஒழிந்த நிலையாகக் கொள்ள முடியாது. தரகின் செலவும் உழைப்பும் மாடலிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஏஜென்சி மாடலின் 20 விழுக்காட்டோடு பயண மாடலின் கடித நேரம், ரத்தான வேலைகள், சரிபார்ப்பு உழைப்பு ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்காமல் எது மலிவு என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவதாக, முதலில் எழுதுவது பாதுகாப்பைக் கூட்டிப் பேரபலத்தைக் குறைக்கிறது. காத்திருப்பது பேரபலத்தைக் கூட்டிப் பாதுகாப்பைக் குறைக்கிறது. அனுபவமுள்ள மாடல்கள் பொது அறிவிப்பையும் தேர்ந்தெடுத்த கடிதங்களையும் சேர்த்தே பயன்படுத்துவது இந்த முரணைச் சமாளிக்கத்தான். புதியவர்கள் பணம் வேண்டிக் காத்திருக்கிறார்கள். வருகிற அழைப்பை விசாரிக்க அவர்களுக்குத் தெரிந்தவர்களும் இல்லை. ஆபத்து அதிகம் விழுவது அவர்கள்மீதே. விடுதலை என்பவர்கள் அனுபவசாலியையும், சுரண்டல் என்பவர்கள் புதியவரையும் மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள்.

மூன்றாவதாக, இந்த முரண் மாற்ற முடியாத விதியன்று. முதலில் எழுதுபவர் விலையிழப்பது, கேட்பவர் தேவையுள்ளவர் என்ற வழக்கத்தால்தான். சிறு தொகைக்கும் பொருந்தும் எழுத்து ஒப்பந்தம், இருவருடைய அடையாளமும் பதிவாகும் படிவம், மாடல்களே பொறுப்பேற்று நடத்தும் சரிபார்ப்புப் பட்டியல், ரத்தானால் முன்பணம் யாருக்கு என்ற பொது விதி ஆகியவை இருந்தால் பாதுகாப்புக்காக விலையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. ஏஜென்சியின் ஐந்து வேலைகளில் சரிபார்ப்பையும் வசூலையும் கூட்டாகச் செய்துகொள்ளலாம். அவற்றைச் செய்யக் கமிஷன் வாங்கும் முதலாளி தேவையில்லை. சங்கம், கூட்டுறவு, பரஸ்பர நிதி என்று பிற உழைப்பாளர்கள் கண்ட வடிவங்கள் இவர்களுக்கும் திறந்தே இருக்கின்றன. ஊர் ஊராகச் சிதறிக் கிடப்பதும், ஒருவர்க்கொருவர் போட்டியாளராக இருப்பதும், தம் தொழிலை வெளியில் சொல்லத் தயங்குவதும் இதுவரை தடைகளாக இருந்துள்ளன. முதலிரண்டையும் எந்த உதிரித் தொழிலாளர் சங்கமும் எதிர்கொண்டுதான் வளர்ந்தது. மூன்றாவது தடை சமூகம் போட்டது; இதை உழைப்பென்று ஒப்புக்கொள்ளும் ஆய்வும் சட்டமும் வந்தால்தான் அது விலகும்.